பன்னிரண்டு சுற்று

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் மூன்று பேரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். மற்ற லேபுகளில் திசுவை மெழுகில் பதித்த பிளாக்குகளை எண் வரிசைப்படி வெட்டுகிறார்கள். இங்கே மட்டும் ஏன் நிணநீர் முடிச்சுகளை முதலில் வெட்டி முடித்துவிட்டுக் கட்டியின் பிளாக்கைக் கடைசியில் தொட வேண்டும் என்று கேட்டீர்கள். "இங்கே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். அது பதில் இல்லை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் நான் வேலையை விடுகிறேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கிறது. முதல் தடவை ஃபார்மலின் நெடிக்கு நடுவில் எட்டு மாதம் நின்றுவிட்டு, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பயந்துகொண்டே போய் உட்கார்ந்தேன். இன்னொரு முறை அது முடியாது. பதினோரு வருடம் இந்த லேபில் மெழுகு வெட்டியிருக்கிறேன். போகும்முன் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைக்கிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திவிடுவேன் என்ற பயத்தால்தான் எழுதுகிறேன்.

எப்படி வெட்டுவது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நுரையீரலில் புற்றுக்கட்டி எடுத்தவரின் முடிச்சுகள் நம்மிடம் வரும்போது அவருடைய அடுத்த ஒரு வருடம் நம் மேசையில் இருக்கிறது. முடிச்சுகளில் ஒன்றும் இல்லை என்றால், கட்டியும் சின்னதாக இருந்தால், அவர் வீட்டுக்குப் போவார். அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் போதும். ஒரு முடிச்சில் கடுகில் கால்வாசி அளவு பரவியிருந்தாலும் கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள். அந்தக் கால்வாசிக் கடுகு முடிச்சுக்குள் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாம் எடுக்கிற துண்டோ நாலு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு. பெரிய கட்டடத்தில் ஒரே ஒரு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஆள் இல்லை என்று சொல்வதுபோல ஒரு வேலை இது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒருவரின் பிளாக்குகள் வந்தன. இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு தரம் பார்ப்பவர். வயது ஐம்பத்தெட்டு. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அப்படி எழுதியிருந்ததால் லேபில் அவரை மிளகுக்காரர் என்றே சொன்னோம். நானும் அதே பக்கத்தில் குடியிருப்பவள். அவர் வேலை செய்த கிடங்கு வாசலைக் கடந்துதான் தினமும் தோப்பும்படிக்குப் பஸ் பிடிப்பேன். அப்போது அது எனக்குத் தெரியாது.

அவருடைய பிளாக்குகளை நான்தான் வெட்டினேன். எண் வரிசைப்படி முதலில் கட்டி, பிறகு முடிச்சுகள். அப்போது இங்கேயும் அதுதான் வழக்கம். ஸ்லைடுகள் டாக்டரிடம் போன மறுநாள் மதியம் அவர் என்னைக் கூப்பிட்டார். டாக்டர் என்று நான் சொல்வது அப்போதைய தலைமை நோய்க்குறியியலாளரை. குரலை உயர்த்தமாட்டார், உட்காரச் சொல்லவும் மாட்டார். அவர் பேசியது மலையாளம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"இங்கே வா. இதைப் பார்."

இரண்டு பேர் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் நான் குனிந்தேன். முடிச்சின் ஓரத்தில், உறையை ஒட்டி, இருபது செல் இருக்கும். பெரிய, கருத்த, ஒழுங்கில்லாத செல்கள். மொத்தக் கூட்டமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

"கட்டியில் இருக்கிற அதே செல். ஆனால் இது முடிச்சுக்குள்ளே வளர்ந்ததா, இல்லை உன் தண்ணீரில் மிதந்து வந்து ஒட்டியதா? ஃபோகஸ் ஒரு இடத்தில் உள்ளே இருக்கிற மாதிரி காட்டுகிறது, ஒரு இடத்தில் மேலே நிற்கிற மாதிரி காட்டுகிறது."

நான் மறுபடி குனிந்து பார்த்தேன்.

"கட்டியை வெட்டிய பிறகு தண்ணீரின் மேற்பரப்பைத் துடைத்தாயா?"

துண்டுகளை மிதக்கவிடுகிற வெந்நீர்த் தொட்டியைத்தான் கேட்டார். ஒவ்வொரு பிளாக்குக்கும் பிறகு டிஷ்யூ தாளை அதன் மேல் இழுத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் முந்தைய பிளாக்கின் துணுக்கு அடுத்த ஸ்லைடில் ஏறிவிடும். எப்போதும் செய்வேன். அன்றைக்குச் செய்தேனா? எப்போதும் செய்கிற காரியத்தின் நினைவு அப்படித்தான், தனியாக ஒரு நாளைப் பிரித்து எடுக்க முடியாது.

"துடைப்பேன் மேடம். அன்றைக்குத் துடைத்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது."

"உன்னிடம் சத்தியம் யார் கேட்டார்கள்? அதே பிளாக்கை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டிக் கொண்டுவா. உண்மையில் உள்ளே இருந்தால் அடுத்த துண்டிலும் இருக்கும். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் இவர் விஷயம் பேசுகிறார்கள், அதற்குள் எனக்கு வேண்டும்."

சரியான உத்தரவு. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அப்போது என் மகளுக்குப் பதினோரு மாதம். அவளைக் கவனித்துக்கொள்ள ஓர் அம்மாவிடம் விட்டுவிட்டு வருவேன். அன்று மூன்றரை மணிக்கு அவர் போன் செய்தார். "மோளே, கொச்சுக்குக் காய்ச்சல் கூடிக்கூடி வருது. கண்ணு மேலே போகுது. நீ எப்ப வரும்?" என் கணவர் கப்பல் கட்டும் இடத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர், ஷிப்ட் நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். "இதோ வரேம்மா, நெத்தியில ஈரத்துணி போடுங்க" என்று சொல்லிவிட்டு மெழுகு சீவுகிற மைக்ரோடோம் மெஷினுக்கு ஓடினேன்.

ஜன்னலோர மெஷினில் சேட்டன் உட்கார்ந்திருந்தார். எங்கள் மூத்த டெக்னீஷியன். அவர் முன்னால் வேறு ஆஸ்பத்திரியின் முப்பது பிளாக் வரிசையாக இருந்தது. நான் அந்த மெஷினில்தான் முந்தைய நாள் வெட்டினேன், மறுவெட்டும் அதில்தான் செய்திருக்க வேண்டும். அவரை எழுந்திருக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலியாக இருந்த இன்னொரு பழைய மெஷினில் பிளாக்கை மாட்டினேன்.

வேறு மெஷினில் மாட்டிய பிளாக் முந்தைய கோணத்தில் நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். பிளேடுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சக் கோட்டைப் பார்த்து, இரண்டு திருகையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பிளாக்கின் முன்பு வெட்டிய முகத்தை அப்படியே பிளேடுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அவசரக்காரர்கள் அதைச் செய்யமாட்டார்கள். சுற்றுக்கு முப்பது மைக்ரான் சீவும்படி வைத்து, முழு முகமும் வெட்டுப்படும்வரை சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள். கட்டியின் பிளாக்காக இருந்தால் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, உள்ளேயும் கட்டிதான்.

நான் அன்று அவசரக்காரி. சக்கரத்தைச் சுற்றினேன். சுற்றுகளை எண்ணினேன். மகள் பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாவற்றையும் எண்ணுகிற பழக்கம் வந்திருந்தது. மருந்துச் சொட்டு, அவள் மூச்சு, படிக்கட்டு. முழு முகம் கிடைத்தபோது பன்னிரண்டு. அதன்பிறகு நாலு மைக்ரானுக்கு மாற்றி, அழகாக மூன்று ஆழத்தில் துண்டு வெட்டி, இந்த முறை தண்ணீரை இரண்டு தடவை துடைத்து, ஸ்லைடில் எடுத்துவைத்தேன். சாயம் ஏற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோவில்தான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு முப்பது முந்நூற்று அறுபது. அந்தச் செல் கூட்டத்தின் அளவு நூறு மைக்ரான். அது முடிச்சுக்குள்தான் இருந்தது என்றால், முழுதாக மூன்று தடவை தாண்டிப் போகும் அளவுக்கு நான் சீவித் தள்ளியிருக்கிறேன். சீவல் எல்லாம் மெஷின் தட்டில், அந்த வாரத்து மற்ற பிளாக்குகளின் சீவலோடு சுருண்டு கிடக்கிறது.

திரும்பிப் போயிருக்கலாம். போன் செய்து தட்டைக் கொட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம், தடித்த சீவலையும் தண்ணீரில் விரித்துப் பார்க்க வழி இருக்கிறது. என் மகளுக்கு நூற்று மூன்று டிகிரி இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகத்தான் சொல்கிறேனோ என்றும் தோன்றுகிறது. போன் பேச ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடம் ஆட்டோவில் எனக்கு இருந்தது.

மறுநாள் நான் விடுப்பு. அதற்கடுத்த நாள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புதிய ஸ்லைடுகளில் ஒன்றும் இல்லை. "மிதந்து வந்ததுதான்" என்று டாக்டர் முடிவு செய்து, முடிச்சுகளில் பரவல் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து தேவையில்லை என்று பேசி முடித்துவிட்டார்கள். தட்டு சுத்தமாக இருந்தது.

டாக்டர் என்னைக் கடந்து போகும்போது சொன்னார், "இனிமேல் தண்ணீரைத் துடை. அந்த மனுஷன் அநியாயமாக நாலு தடவை மருந்து ஏற்றியிருப்பார்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "சரி மேடம்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன். திட்டுக்குப் பயந்தேன், உண்மை. பிரசவ விடுப்பு முடிந்து வந்த நாளிலிருந்து "இவளுக்கு வேலையில் மனசில்லை" என்ற பேச்சு இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் பெரிய காரணம் வேறு. என் சந்தேகங்களை நானே நம்புவதை நிறுத்தியிருந்தேன். கேஸை அடைத்தேனா என்று பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு ஓடுவேன், அடைத்துத்தான் இருக்கும். மகளுக்கு மருந்தை இரண்டு தடவை கொடுத்துவிட்டேனோ என்று அழுவேன், கொடுத்திருக்கமாட்டேன். இதுவும் அந்த வகைதான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சாயா நேரத்தில் சேட்டனிடம் மட்டும் சொன்னேன். அவர் தம்ளரை ஊதிக்கொண்டே கேட்டார். தமிழர்களிடம் தமிழில் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு கலவை பேசுவார்.

"எடி, நீ கதவைப் பூட்டிட்டு நாலு தடவை திரிச்சுப் போய்ப் பாக்கிறவளல்லே. இப்ப மெழுகையும் எண்ணத் தொடங்கியோ?"

"எண்ணினேன் சேட்டா. பன்னிரண்டு."

"எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு, எத்தனை சுத்துன்னு எழுதணும்னு? நான் இருபத்தஞ்சு கொல்லமா வெட்டுறேன். ஒருத்தனும் கேட்டதில்லை. கேக்காத கேள்விக்கு உத்தரம் சொல்லப் போனா, அடுத்த நாள் எல்லாக் கேள்வியும் உன்கிட்டதான் வரும்."

"அவருக்கு உள்ளே இருந்திருந்தா?"

"இல்லாமலிருந்தா? ஒரு நல்ல மனுஷனைப் போய் விஷம் ஏத்த வைப்பியா நீ? உன் மோளுக்குக் காய்ச்சல் விட்டோ? அதைப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. நான் கேட்க விரும்பியதையே சொன்னார். அதற்காகத்தான் அவரிடம் போயிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

அடுத்த நாள் மிளகுக்காரரின் மனைவி ரிப்போர்ட்டின் அசலை வாங்க வந்தார். நம் லேப் அவர்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் ஆஸ்பத்திரி இங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். நான்தான் உறையை எடுத்துக் கொடுத்தேன். என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"தமிழா? மட்டாஞ்சேரியில எங்க? அய்யோ, எங்க வீட்டுக்கு ரெண்டு சந்து தள்ளித்தான். கொச்சை இடுப்புல வச்சுட்டுப் போறதைப் பாத்திருக்கேன். மோளே, இதுல ஒண்ணும் இல்லைன்னுதானே எழுதியிருக்கு? டாக்டர் சொன்னார். இருந்தாலும் நீ ஒரு தடவை வாசிச்சுச் சொல்லு."

நான் உறையைப் பிரித்து அந்த வரியை வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை வாசித்தேன்.

"கிடங்குல அவரைத் தேடுறாங்க. அவர் கையில ரெண்டு மிளகை உருட்டிப் பார்த்தா ஈரம் எத்தனைன்னு சொல்லிடுவார், மெஷின்லாம் பின்னாடிதான். திங்கள்கிழமை வேலைக்குப் போறார்."

அவர் போன பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வரியை என் வாயாலேயே இரண்டு தடவை வாசித்திருக்கிறேன். முதல் முறையாக, சந்தேகத்தையும் நடந்ததையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். தண்ணீரைத் துடைத்தேனா என்பது சந்தேகம். அதற்கு எவ்வளவு யோசித்தாலும் பதில் வராது. பன்னிரண்டு சுற்று சந்தேகம் இல்லை. அது நடந்தது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்ததால்தான் மூன்று நாள் சும்மா இருக்க முடிந்தது.

இந்தக் கடிதத்தில் உங்களுக்கு உபயோகப்படுவது ஏதாவது உண்டென்றால் அது இவ்வளவுதான். பயப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆனால் பயத்தையும் கண்ணால் பார்த்ததையும் கலக்காதீர்கள். கலந்துவிட்டால் பார்த்ததையும் பயம் என்று தள்ளிவிட மற்றவர்களுக்குச் சுலபம், நமக்கு அதைவிடச் சுலபம்.

டாக்டர் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இது நடந்ததா, உன் வழக்கமான சந்தேகமா?"

"நடந்தது மேடம். பன்னிரண்டு சுற்று, முப்பது மைக்ரானில். எண்ணினேன். தண்ணீர் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியாது."

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தார்.

"நான் எழுதியதன் அர்த்தம் என்ன தெரியுமா? அடுத்த துண்டில் இல்லை, அதனால் மிதந்து வந்தது. நீ எனக்குக் கொடுத்தது அடுத்த துண்டு இல்லை. வேறு எங்கேயோ இருக்கிற ஒரு துண்டு. நான் அதைப் பார்த்துவிட்டு ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று சாயங்காலமே சொல்லியிருந்தால் தட்டையாவது கிளறியிருப்பேன். இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியவில்லை. போ."

போய்க் கதவருகில் நின்றபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ இதைச் சொல்லாமலேயே இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் தெரிந்துகொள்."

அவர் ரிப்போர்ட்டைத் திருத்தினார். அந்த வரியை மாற்றினால் லேபின் பெயர் கெடும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. முதல் ஸ்லைடில் ஒரு சிறு செல் கூட்டம் தெரிகிறது. மறுவெட்டில் இடைப்பட்ட திசு இழக்கப்பட்டதால் பரவலா இல்லையா என்று உறுதி சொல்ல இயலாது. இப்படி எழுதினார். மீதமிருந்த திசுவில் விசேஷச் சாயமும் போட்டுப் பார்த்தார், அதில் எதுவும் இல்லை. ஆனால் அது எதையும் நிரூபிக்காது என்று அவருக்கும் தெரியும்.

நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னதற்கு யாராவது தோளில் தட்டியிருப்பார்கள் என்று. எனக்கு ஒரு மெமோ வந்தது. பத்து நாள் யாரும் என்னோடு சாயா குடிக்கவில்லை. இன்னொரு நல்ல மைக்ரோடோம் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கேட்டார், அது இன்றுவரை வரவில்லை. பழைய மெஷினில்தான் நீங்களும் வெட்டுகிறீர்கள். வந்தது மூன்று விதிகள் மட்டும். முடிச்சுகளை முதலில் வெட்டு, கட்டிக்கு வேறு தண்ணீர். மறுவெட்டு அதே மெஷினில்தான், யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பு. எத்தனை சுற்று சீவினாய் என்று சீட்டில் எழுது. முதல் விதியை மட்டும் நான் கேட்டு வாங்கினேன். டாக்டர் மற்ற இரண்டையும் எழுதிவிட்டு, அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மிளகுக்காரரை ஆஸ்பத்திரியில் மறுபடி கூப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் விளக்கினார்களாம். அவர் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். நாலு தடவை மருந்து. அதற்குப் பிறகு கிடங்கு வாசலில் நான் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்து கொடுத்ததில்தான் அடையாளம் தெரிந்தது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். யாரையாவது அனுப்பி வைப்பார், யாருடைய பெயரையாவது கூப்பிடுவார். அவர் மிளகைத் தொட்டு நான் பார்க்கவில்லை. ஒருநாள் பஸ் வர நேரமாகி அங்கேயே நின்றபோது, சாக்கு தைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அவர் இப்ப தரம் பாக்கிறதில்லையா?"

"விரல் மரத்துப் போச்சு அவருக்கு. ஊசி குத்தினாலும் தெரியலங்கிறார். பழைய ஆள், முதலாளி சும்மா உக்கார வச்சிருக்கார்."

அந்த மருந்துக்கு அப்படி ஆகலாம் என்று படித்திருக்கிறேன். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. அன்றிலிருந்து ஒரு தெரு சுற்றிப் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

போன வருடம் அவர் மனைவி லேபுக்கு வந்தார். மகள் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்திருந்தாள். அங்கே பிளாக்குகளைக் கேட்டிருந்தார்கள். பிளாக் வெளியே போகும்போது ரெஜிஸ்டரில் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அன்று அது என் முறை. அவருக்கு என்னை நினைவிருந்தது.

"ரெண்டு சந்து தள்ளி இருக்கிற மோள்தானே? கொச்சு நடக்குதா?"

"ஸ்கூலுக்கே போறா சேச்சி."

ரெஜிஸ்டரில் மீதத் திசு எவ்வளவு என்று ஒரு கட்டம் உண்டு. நாம் எல்லோரும் பழக்கத்தில் "போதுமானது" என்று எழுதிவிடுவோம். நானும் "போ" வரை எழுதிவிட்டேன். அடித்தேன். பாதிக்கும் குறைவு, மறுவெட்டில் என் கவனக்குறைவால் சீவப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். மலையாளத்தில்தான் எழுதியிருந்தேன், அவரால் வாசிக்க முடியும். வாசித்தார். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"இது நீயா?"

"ஆமா சேச்சி."

"இல்லைன்னு எனக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினதும் நீதான்."

"ஆமா."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற மற்றவர்களும் அப்படி நினைத்துப் பேச்சை நிறுத்தினார்கள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பிறகு நீதான் போய்ச் சொன்னியா, டாக்டர்கிட்ட?"

"ஆமா சேச்சி."

"சொல்லாம இருந்திருந்தா அவர் விரல் நல்லா இருந்திருக்கும்."

"ஆமா."

"சொல்லாம இருந்து, அது வளந்து வந்திருந்தா?"

"தெரியல."

"இப்ப வராம இருக்கிறது மருந்தாலயா? இல்லை, ஆரம்பத்துலயே ஒண்ணும் இல்லையா?"

"அதுவும் தெரியல சேச்சி. யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பிளாக்கைக் கொண்டுபோற இடத்துலயும் சொல்லமாட்டாங்க."

பிளாக் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். தீப்பெட்டி கனம்கூட இருக்காது.

"அவர் தினமும் கேக்கிறார். சாப்பிடும்போது, உருண்டை பிடிக்க வராம கையை உதறிட்டுக் கேக்கிறார், இது தேவைப்பட்டுத்தான் எனக்கு நடந்துச்சா, தேவையில்லாம நடந்துச்சான்னு. நான் டாக்டர்மாருக்குத் தெரியும்னு சொல்லிச் சமாளிச்சேன். இந்தப் பெட்டியை அனுப்பினா தெரிஞ்சிடும்னு சொல்லியிருக்கேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குகிறேனா என்று யோசித்து, யோசித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினேன்.

அவர் எழுந்து, வாங்குகிறவர் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெயரை மெதுவாக எழுதினார். பெட்டியைக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு திரும்ப எடுத்து, கவுண்டர் மேல் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீயே வச்சுக்கோ. தொலைஞ்சு போச்சுன்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் போட்ட கையெழுத்து ரெஜிஸ்டரில் அப்படியே இருக்கிறது. பிளாக் அலமாரியில், கீழ்த்தட்டில். நான் போன பிறகு யாராவது கணக்குப் பார்த்து, வெளியே போனது எப்படி உள்ளே இருக்கிறது என்று கேட்பார்கள். அப்போது அந்தப் பிளாக்கைத் தவறு என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள்.